60-ல் நடுங்கும் பழைய ஜீப்: பார்ட்ஸ் வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை மாறாமல், படிக்க வசதியாகத் திருத்திச் சுருக்கப்பட்டது.)

 

இன்னைக்கு விஷயம் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி. சமீப காலமா இருபத்தஞ்சு, முப்பது வயசுக்காரங்க நிறைய பேர் பழைய ஜிப்சி, பழைய மஹிந்திரா ஜீப் வாங்கறாங்க. சிலருக்கு தாத்தா வண்டியே வீட்டுக் கொட்டகையில கிடக்குது. எடுத்து, துடைச்சு, பேட்டரி மாத்தி, ஈசிஆர்ல ஒரு ரவுண்டு போவோம்னு கிளம்பறாங்க. 40 வரைக்கும் சொர்க்கம். 55, 60 தொட்டதும் சீட்டுக்கு அடியில ஒரு நடுக்கம். கண்ணாடியில பின்னாடி வர்ற வண்டி ரெண்டா தெரியும். தரையில வெச்ச கால் கூசும்.

அப்புறம் ஆரம்பிக்குது செலவு. ஒருத்தர் டயர்ங்கறார். இன்னொருத்தர் கிராஸ்ங்கறார். மூணாவது ஆள் ஹவுசிங்கையே இறக்கணும்ங்கறார். எல்லாம் மாத்தியாச்சு, நடுக்கம் மட்டும் போகலை. வீட்டுல, "அந்தத் தகரத்தை எடைக்குப் போட்டுட்டு வா"ன்னு சொல்லிடறாங்க.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். நடுக்கம்ங்கறது ஒரு எண். விநாடிக்கு இத்தனை தடவைன்னு ஒரு கணக்கு அதுக்கு இருக்கு. அந்த வேகத்துல வண்டியில எது சுத்துதுன்னு முதல்ல கண்டுபிடிக்கணும். ஸ்பானரை எடுக்கறதும் பர்ஸைத் திறக்கறதும் அதுக்கு அப்புறம்தான்.

வண்டியில் எது எந்த வேகத்தில் சுத்துது?

ஓடற வண்டியில மூணு கூட்டம் சுத்துது. ஒண்ணு எஞ்சின், கிளட்ச். ரெண்டு, ஷாஃப்ட். புரொபெல்லர் ஷாஃப்ட்னு சொல்வோம். கியர்பாக்ஸ் பக்கத்துலேர்ந்து ஆக்ஸிலுக்கு சக்தியைக் கொண்டு போற அந்த நீளக் குழாய். மூணு, டயர், டிரம், வீல்.

சாதாரண பின்சக்கர வண்டியில ஆக்ஸிலுக்குப் போற ஷாஃப்ட் ஒண்ணுதான். ஃபோர் வீல் டிரைவ்ல நடுவுல டிரான்ஸ்ஃபர் கேஸ்னு ஒரு பெட்டி இருக்கு. அதுலேர்ந்து முன்னாடி ஒரு ஷாஃப்ட், பின்னாடி ஒரு ஷாஃப்ட். ஜிப்சியில இன்னும் ஒண்ணு கூட. அதுல டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோட ஒட்டி இல்லாம தனியா நிக்கும். ரெண்டையும் இணைக்க ஒரு குட்டி ஷாஃப்ட் உண்டு. ஆக மூணு ஷாஃப்ட், ஒவ்வொண்ணோட ரெண்டு முனையிலும் ஜாயின்ட். சந்தேகப்பட வேண்டிய ஆளுங்க அதிகம்.

இப்போ கணக்கு. பழைய ஜீப் டயர் ஒரு சுத்துக்கு ஏறக்குறைய 2.2 மீட்டர் போகும். 60 கி.மீ. வேகம்னா விநாடிக்கு 16.7 மீட்டர். வகுத்தா டயர் விநாடிக்கு ஏழரைச் சுத்து. ஆக்ஸில் ரேஷியோ 5-ன்னு வெச்சுக்குவோம். அப்போ ஷாஃப்ட் விநாடிக்கு 38 சுத்து. நிமிஷத்துக்கு 2,280.

இந்த ரெண்டு எண்ணையும் உடம்பாலேயே பிரிச்சுப் பார்க்கலாம். விநாடிக்கு ஏழெட்டு தடவைன்னா அது ஆட்டம். ஸ்டீயரிங் குலுங்கும், பக்கத்து சீட்காரர் கன்னம் ஆடும், ஒவ்வொரு அதிர்வும் கிட்டத்தட்ட எண்ணற மாதிரி இருக்கும். விநாடிக்கு 38, 76-ன்னா அது ரீங்காரம். செல்போன் வைப்ரேட் மோட்ல மேஜை மேல கிடந்தா எப்படி இருக்கும், அந்த மாதிரி. கண்ணாடி மங்கும், தரைத்தகடு பாடும். முதல் வகைன்னா டயர் பக்கம் போங்க. ரெண்டாவது வகைன்னா ஷாஃப்ட் பக்கம் போங்க.

உங்க வண்டியோட ரேஷியோ தெரியலையா? சமதளத்துல நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு ரெண்டு பக்கமும் கட்டை வெச்சு, பின்சக்கரம் ஒண்ணை மட்டும் ஜாக்கியில தூக்குங்க. வண்டி டூ வீல்ல இருக்கணும், கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் எடுத்திருக்கணும். ஷாஃப்ட்ல சாக்பீஸால ஒரு கோடு. தூக்கின சக்கரத்தைக் கையால சரியா ரெண்டு சுத்து சுத்துங்க. ஷாஃப்ட் எத்தனை சுத்துதோ அதுதான் ரேஷியோ. ஏன் ரெண்டு சுத்து? இன்னொரு சக்கரம் தரையில நிக்கிறப்போ தூக்கின சக்கரம் ரெண்டு மடங்கு சுத்தும். அது டிஃபரன்ஷியலோட குணம். வண்டிக்கு அடியில படுக்காம, பக்கத்துல உட்கார்ந்தே எண்ணிடலாம்.

தட்டாஞ்சாவடியில் ஒரு ஜீப்

தட்டாஞ்சாவடியில எனக்குத் தெரிஞ்ச தம்பி ஒருத்தர்கிட்ட அவங்க அப்பா காலத்து எம்எம் 540 இருக்கு. பாண்டிச்சேரிக்குப் பொருத்தமான வண்டிதான். அந்த மாடல்ல பல வண்டிங்க பியூஜோ டிசைன் டீசல் எஞ்சினோட வந்துச்சு. உடம்பு அமெரிக்க வில்லிஸ் வம்சம், இதயம் பிரெஞ்சு, ஆதார் கார்டு இந்தியா. (சிரிப்பு)

அவர் பிரச்சினை இது. கியர் போட்டு கிளட்ச் விடும்போது அடியில "டக்"னு ஒரு சத்தம். ஒரு பட்டறையில காட்டினார். பின் ஷாஃப்ட்ல கிராஸ் போயிடுச்சுன்னாங்க. ரெண்டு கிராஸையும் மாத்திக் கொடுத்தாங்க. "டக்" சத்தம் போச்சு. ஆனா அன்னைலேர்ந்து 45 தாண்டினா ரீங்காரம், 60-ல சீட்டே நடுங்குது. புது கிராஸ் டூப்ளிகேட்டா இருக்கும்னு மறுபடி மாத்தினார். டயர் பேலன்ஸ் பண்ணார். எஞ்சின் மவுன்டிங் மாத்தினார். ஒண்ணும் நடக்கலை. அப்பா வண்டியை விக்க ஆள் பார்க்க ஆரம்பிச்சுட்டார்.

இங்க ஒரு பழைய பாடம் இருக்கு. டாக்டர்கிட்ட போனா முதல் கேள்வி என்ன? "எப்போலேர்ந்து?" வண்டிக்கும் அதுதான் முதல் கேள்வி. நடுக்கம் ஆரம்பிச்ச நாளுக்கு முந்தின நாள் என்ன வேலை நடந்துச்சு? இவர் விஷயத்துல பதில் அதுலயே இருந்துச்சு. ஆனா யூகத்தோட நிறுத்தாம ஒவ்வொண்ணா விலக்கிப் பார்த்தோம். எப்படின்னு சொல்றேன்.

ரோட்டில் செய்ய வேண்டியவை

காலையில கூட்டம் இல்லாத நேரம், நேரான ரோடு, பக்கத்துல நோட்டுப் புத்தகத்தோட ஒரு ஆள். ஓட்டறவர் எழுதக் கூடாது. வேக வரம்பைத் தாண்டவும் தேவையில்லை.

முதல்ல, நடுக்கம் எந்த வேகத்துல ஆரம்பிக்குது, எதுல உச்சம், எதுல அடங்குதுன்னு எழுதுங்க. எங்க தெரியுதுன்னும் எழுதுங்க. ஸ்டீயரிங்ல தெரிஞ்சா முன்பக்கம். சீட்லயும் தரையிலயும் தெரிஞ்சா நடு, இல்லைன்னா பின்பக்கம்.

ரெண்டாவது, 60-ல போகும்போது நியூட்ரலுக்குத் தள்ளுங்க. எஞ்சினை அணைக்கக் கூடாது. அணைச்சா பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில பிரேக் உதவி குறைஞ்சுடும். எஞ்சின் இப்போ ஐடில்ல இருக்கு, ஷாஃப்டும் டயரும் அதே வேகத்துல சுத்துது. நடுக்கம் அப்படியே இருந்தா எஞ்சின் நிரபராதி. நடுக்கம் காணாம போனா எஞ்சின், கிளட்ச், மவுன்டிங் பக்கம் பாருங்க. ஆனா ஒரு ஜாக்கிரதை: சுமை ஏறும்போது மட்டும் நடுங்கற ஜாயின்டும் உண்டு. அதுக்குத்தான் அடுத்த சோதனை.

மூணாவது, அதே 50 கி.மீ. வேகத்தை டாப் கியர்ல ஒரு தடவை, அதுக்குக் கீழ் கியர்ல ஒரு தடவை பிடிங்க. எஞ்சின் வேகம் மாறுது, ஷாஃப்ட் வேகம் மாறலை. நடுக்கத்தோட சுருதி மாறலைன்னா அது ரோட்டு வேகத்தோட சுத்தற ஏதோ ஒண்ணு.

நாலாவது, ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது அதிகமா, விடும்போது அதிகமா? மிதிக்கும்போது பட்டையில உக்கார்ந்திருக்கிற ஆக்ஸில் கொஞ்சம் முறுக்கி, மூக்கைத் தூக்கும். ஜாயின்ட் கோணம் மாறும். அப்போ மட்டும் நடுக்கம்னா கோணத்தையும், பட்டை, புஷ் தேய்மானத்தையும் பார்க்கணும். காலை எடுக்கும்போது ஊளை மாதிரி சத்தம்னா பினியன் பேரிங் சந்தேகம்.

போன்ல வைப்ரேஷன் ஆப் போட்டும் பார்க்கலாம். ஆனா விநாடிக்கு 100 தடவை அளக்கற போன், 50-க்கு மேற்பட்ட அதிர்வை நம்பகமா காட்டாது. அதனால 60-ல வர்ற 76-ஐ அது தப்பாக் காட்டலாம். ஆப் ஒரு சாட்சி மட்டும்தான், தீர்ப்பு அதுகிட்ட இல்லை.

இதுல சேராத ஒண்ணு இருக்கு. ஒரு பள்ளத்துல முன்சக்கரம் இறங்கினதும் ஸ்டீயரிங் பேய் பிடிச்ச மாதிரி இடமும் வலமும் அடிச்சுக்கும். வண்டியை மெதுவாக்கினாத்தான் நிக்கும். அது ஷாஃப்ட் விஷயம் இல்லை. கிங்பின், டை ராட், முன் பட்டை புஷ், முன் டயர் இதெல்லாம் பார்க்கணும். உடனே பார்க்கணும்.

இன்னொண்ணு. ஃபோர் வீல் டிரைவ் புதுசா வாங்கினவங்க காய்ஞ்ச தார் ரோட்டுல ஃபோர் ஹை போட்டு ஓட்டறதைப் பார்க்கிறேன். இந்தப் பழைய வண்டிகள்ல நடுவுல டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவுல முன்சக்கரமும் பின்சக்கரமும் வேற வேற தூரம் போகணும், ஆனா ரெண்டையும் சேர்த்துக் கட்டியாச்சு. முறுக்கு ஏறும், உதறும், ஜாயின்ட் தேயும். ஃபோர் ஹை மணலுக்கும் சேத்துக்கும்தான். பீச் ரோட்டுக்கு இல்லை.

நம்ம தம்பி வண்டியில கிடைச்சது: நியூட்ரல்லயும் அதே நடுக்கம், கீழ் கியர்லயும் அதே சுருதி. ஸ்டீயரிங் அமைதி, சீட்டும் தரையும் பாடுது. எஞ்சின் மவுன்டிங்குக்குக் கொடுத்த காசு வீண்னு அஞ்சு பைசா செலவில்லாம தெரிஞ்சுடுச்சு.

வண்டிக்கு அடியில்

அடியில போறதுக்கு முன்னாடி: சமதளம், சக்கரங்களுக்குக் கட்டை, தூக்கியிருந்தா ஆக்ஸிலுக்கு அடியில ஸ்டாண்ட். ஹாலோ பிளாக் கல் மேல வண்டியை நிறுத்திட்டு அடியில போகாதீங்க. அது ஒரு நொடியில நொறுங்கும். எஞ்சின் அணைச்சு, சாவி உங்க பாக்கெட்ல இருக்கட்டும்.

ரொம்ப முக்கியமான ஒண்ணு. பல பழைய ஜீப்கள்ல ஹேண்ட்பிரேக் பின்சக்கரத்துல இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னாடி, பின் ஷாஃப்ட் தொடங்கற இடத்துல ஒரு டிரம் இருக்கும், அதைத்தான் பிடிக்கும். அதனால பின் ஷாஃப்டைக் கழட்டினா ஹேண்ட்பிரேக் வெறும் அலங்காரம். கியர்ல போட்டு நிறுத்தினாலும் பின்சக்கரம் உருளும். சக்கரத்துக்குக் கட்டை வெச்சே ஆகணும்.

இப்போ ஷாஃப்டை ரெண்டு கையால பிடிச்சு மேல கீழ, இட வலமா ஆட்டுங்க. அப்புறம் முறுக்கிப் பாருங்க. கிராஸ்ல ஆட்டம் தெரியவே கூடாது. கப்பைச் சுத்தி சிவப்பா, குங்குமம் மாதிரி துரு பவுடர் இருந்தா உள்ள ஊசி பேரிங் கிரீஸ் இல்லாம அரைச்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். கடற்கரை ஊர், உப்புக் காத்து. மழைத்தண்ணி வேற. 2024 ஃபெஞ்சல் புயல்ல பாண்டிச்சேரியில ஒரே நாள்ல 46 செ.மீ.க்கு மேல கொட்டுச்சு. அந்த மாதிரி வெள்ளத்துல இறங்கி வந்த வண்டிக்கு உடனே கிரீஸ் கன் பிடிக்கணும். நிப்பிள்ல அடிச்சா நாலு கப்புலயும் பழைய கிரீஸ் வெளிய வரணும். ஒரு கப்புல வரலைன்னா அது காய்ஞ்சு கிடக்குன்னு அர்த்தம்.

அடுத்து, ஷாஃப்ட் குழாய்ல நசுங்கல் இருக்கா? சேறு, தார் ஒட்டியிருக்கா? பேலன்ஸுக்காக வெல்டிங் வெச்ச சின்னத் தகடு உதிர்ந்து, தழும்பு மட்டும் இருக்கா? ஃபிளாஞ்ச் போல்ட் எல்லாம் ஒரே மாதிரி டைட்டா இருக்கா? பினியன், டிரான்ஸ்ஃபர் கேஸ் முனைகள்ல ஆட்டம் இருக்கா, ஆயில் கசிவு இருக்கா? ஆட்டம் அங்க இருந்தா புது கிராஸ் போட்டும் பிரயோஜனம் இல்லை.

தம்பி வண்டியில இது எல்லாமே சுத்தம். கிராஸ் புதுசு, ஆட்டம் இல்லை, நசுங்கல் இல்லை. ஆனா ஒரு விஷயம் கண்ணுல பட்டுச்சு. அதைச் சொல்றதுக்கு முன்னாடி கிராஸோட குணத்தைப் புரிஞ்சுக்கணும்.

கிராஸ் ஒழுங்கா சுத்தாது

இந்த ஜாயின்டுக்கு வயசு அதிகம். 16-ஆம் நூற்றாண்டு இத்தாலிக்காரர் கார்டானோ பேரால பிரெஞ்சுலயும் ஜெர்மன்லயும் இதை கார்டன்னு சொல்றாங்க. 17-ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்தோட ராபர்ட் ஹூக் இதை ஆராய்ஞ்சார், அதனால ஹூக் ஜாயின்ட்னும் பேர். 20-ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல அமெரிக்காவுல கிளாரன்ஸ் ஸ்பைசர் இதைக் காருக்குக் கொண்டு வந்தார்.

இதுக்கு ஒரு குறை உண்டு. நேரா இருந்தா பிரச்சினை இல்லை. கோணம் விழுந்தா, இந்தப் பக்கம் ஒரே சீரா சுத்தினாலும் அந்தப் பக்கம் சீரா சுத்தாது. ஒவ்வொரு சுத்துக்கும் ரெண்டு தடவை வேகம் ஏறும், ரெண்டு தடவை இறங்கும். 5 டிகிரி கோணத்துல இந்த ஏத்த இறக்கம் 0.4 சதவீதம். 10 டிகிரியில 1.5 சதவீதம். 20 டிகிரியில 6 சதவீதம். கோணம் ரெண்டு மடங்கானா தொல்லை நாலு மடங்கு. விநாடிக்கு 38 சுத்துன்னா, ரெண்டு தடவைக் கணக்குல 76 உலுக்கல். முன்னாடி சொன்ன 76 இங்கேருந்துதான் வருது.

அப்புறம் எப்படி வண்டி ஓடுது? ஷாஃப்டோட ரெண்டு முனையிலயும் கிராஸ் இருக்கு. முதல் கிராஸ் பண்ற தப்பை ரெண்டாவது கிராஸ் எதிர்த் தப்பு பண்ணி அடிச்சுடும். மைனஸும் பிளஸும் சேர்ந்து பூஜ்யம். இதுக்கு ரெண்டு நிபந்தனை. ரெண்டு முனைக் கோணமும் ஏறக்குறைய சமமா இருக்கணும். ஷாஃப்டோட ரெண்டு யோக்கும், அதாவது கிராஸைப் பிடிக்கிற அந்தக் கவட்டை ரெண்டும், ஒரே நேர்கோட்டுல இருக்கணும்.

முன் ஆக்ஸிலோட நுனியில, சக்கரம் திரும்பற இடத்துல கோணம் ரொம்ப அதிகம். அங்க ஒத்தை கிராஸ் போட்டா இந்த ஏத்த இறக்கம் ஸ்டீயரிங்ல தெரியும். சீரா சுத்தற ஜாயின்ட் வேணும். 1920-கள்ல பிரான்ஸ்ல கிரெக்வாரும் ஃபெனாயும் உருவாக்கின டிராக்டா ஜாயின்ட் அப்படி ஒண்ணு. இரண்டாம் உலகப் போர் ஜீப்கள்ல பயன்பட்ட ஜாயின்ட் வகைகள்ல அதுவும் உண்டு. நம்ம ஊர் ஜீப்புக்கும் பிரான்ஸுக்கும் உறவு பியூஜோவுக்கு முன்னாடியே தொடங்கிடுச்சு.

கண்ணில் பட்டது என்ன?

பட்டை அமுங்கி எழும்போது ஷாஃப்ட் நீளம் மாறணும். அதுக்காக ஷாஃப்ட் ரெண்டு துண்டா, பல் வெச்ச ஸ்லிப் ஜாயின்டால ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழைஞ்சிருக்கும். கிராஸ் மாத்த பெஞ்ச்ல வெக்கும்போது அந்தத் துண்டு உருவிக்கிட்டு வந்துடும். திரும்ப நுழைக்கும்போது எந்தப் பல்லுல வேணா நுழையும். இரும்புக்கு எது சரின்னு தெரியாது. அதனாலதான் நிறைய ஷாஃப்ட்ல ரெண்டு துண்டுலயும் அம்புக்குறி அடிச்சிருப்பாங்க. ரெண்டு அம்பும் ஒண்ணை ஒண்ணு பார்க்கணும்.

தம்பி வண்டியில கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சதும் அம்பு தெரிஞ்சுது. ஒண்ணு வடக்கு, ஒண்ணு வடகிழக்கு. ரெண்டு யோக்கும் நேர்கோட்டுல இல்லை, சில பல் தள்ளி நுழைஞ்சிருந்துச்சு. ஒரு கிராஸோட தப்பை இன்னொண்ணு அழிக்கலை. ரெண்டாவது தடவை கிராஸ் மாத்தினப்பவும் அதே தப்பான பல்லுலயே நுழைச்சிருக்காங்க. புது கிராஸ் எத்தனை போட்டாலும் போயிருக்காது.

ஷாஃப்டை இறக்கி, ஸ்லிப்பை உருவி, அம்பைச் சேர்த்து, கிரீஸ் போட்டு, திரும்பப் பூட்டினோம். செலவு கிரீஸ்தான். மறுபடி 60-ல போனப்போ ரீங்காரம் இல்லை. 70 பக்கம் லேசா ஸ்டீயரிங் ஆட்டம் மிச்சம் இருந்துச்சு, அது டயர் வகை. வேற கணக்கு, வேற நாள். அவங்க அப்பா வண்டியை விக்கலை. இப்போ காய்கறி வாங்க அவரே எடுத்துக்கிட்டுப் போறார்.

அதனால ஷாஃப்டைக் கழட்டறதுக்கு முன்னாடி பெயின்ட்டால கோடு போடுங்க: ஃபிளாஞ்ச் ரெண்டுலயும் ஒரு கோடு, ஸ்லிப்போட ரெண்டு துண்டுலயும் ஒரு கோடு. கூடவே போன்ல ஒரு போட்டோ. பழைய வண்டியில ஏற்கெனவே யாரோ தப்பா பூட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு. அதனால கோட்டை மட்டும் நம்பாம, யோக் ரெண்டும் நேரா இருக்கான்னும் பாருங்க.

வண்டியை உயரம் ஏத்தினவங்களுக்கு

இன்ஸ்டாவுல பார்த்துட்டு ரெண்டு இஞ்ச், மூணு இஞ்ச் லிஃப்ட் போடறீங்க. பெரிய டயர் போடறீங்க. வண்டி உயர்ந்தா ஷாஃப்ட் சரிவு கூடும், கிராஸ் கோணம் கூடும். நாலு மடங்கு கணக்கு ஞாபகம் இருக்கட்டும். நீளமான ஷாக்கிள் போட்டு ஏத்தினா ஆக்ஸிலே சாஞ்சு, பினியன் மூக்கும் திரும்பிடும். ரெண்டு முனைக் கோணமும் சமமா இருக்காது.

அளக்கறது சுலபம். போன்லயே சாய்வு காட்டற ஆப் இருக்கு. வண்டி சக்கரத்துல நிக்கணும். ஆக்ஸில் தொங்கற நிலையில அளந்தா தப்பான கோணம் கிடைக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸ் ஃபிளாஞ்ச், ஷாஃப்ட், பினியன் ஃபிளாஞ்ச் மூணோட சாய்வையும் எழுதுங்க. ஃபிளாஞ்ச் செங்குத்தா நிக்கும், அதனால அந்த ரெண்டு எண்ணையும் 90-லேர்ந்து கழிச்சுக்கோங்க. பக்கத்துப் பக்கத்து எண்களோட வித்தியாசம்தான் கிராஸ் கோணம். ரெண்டு வித்தியாசமும் கிட்டத்தட்ட சமமா இருக்கணும். இல்லைன்னா பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவுல ஆப்பு மாதிரி ஷிம் வெச்சுத் திருத்துவாங்க. ஒரு முனையில ரெட்டை கிராஸ் உள்ள ஷாஃப்ட்னா இந்த விதி வேற. அதுல பினியன், ஷாஃப்டை நேராப் பார்க்கணும்.

முன்னாடியா, பின்னாடியா?

இன்னும் பிடிபடலையா? ஃபோர் வீல் டிரைவ்ல ஒரு வசதி இருக்கு. ஒரு ஷாஃப்டைக் கழட்டி வெச்சுட்டு இன்னொண்ணுல ஓட்டிப் பார்க்கலாம்.

முன் ஹப்ல லாக் இருந்தா கழட்டவே வேண்டாம். ஹப்பை ஃப்ரீயில வெச்சு டூ வீல்ல ஓட்டுங்க, முன் ஷாஃப்ட் சுத்தாம நிக்கும். அப்போ நடுக்கம் போச்சுன்னா குற்றவாளி முன் ஷாஃப்ட். ஹப் லாக் இல்லாத வண்டியில டூ வீல்ல போனாலும் முன்சக்கரம் முன் ஷாஃப்டைச் சும்மா சுத்திக்கிட்டேதான் இருக்கும். நிறைய பேருக்கு இது தெரியாது. அதைக் கழட்டிட்டு ஓட்டிப் பாருங்க. கழட்டினா ஆயில் ஒழுகற மாதிரியான அமைப்பான்னு முதல்ல மெக்கானிக்கைக் கேட்டுக்கோங்க.

எல்லாம் சரி, ஷாஃப்ட்தான் நேரா இல்லைன்னு தோணினா லேத் பட்டறை. தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டை மாதிரி இடங்கள்ல லேத் வேலைக்காரங்க இருக்காங்க. டயல் கேஜ் வெச்சு வளைவு எவ்வளவுன்னு பார்ப்பாங்க. ஆனா நேர் பண்றது வேற, பேலன்ஸ் பண்றது வேற. பேலன்ஸுக்குத் தனி மெஷின் வேணும், லாரி, பஸ் ஷாஃப்ட் வேலை நடக்கற இடங்கள்ல விசாரிங்க. ரெண்டு கேள்வி கேளுங்க: "கிராஸோட சேர்த்து பேலன்ஸ் பண்றீங்களா? எந்த வேகத்துல சுத்திப் பார்க்கறீங்க?" பதில் சொல்றவரை நம்பலாம்.

எப்போ ஓட்டவே கூடாது?

கிராஸ்ல கண்ணுக்குத் தெரியற ஆட்டம், ஒரு போல்ட் காணோம், நடுக்கம் திடீர்னு கூடிடுச்சு, கூடவே அரைக்கிற சத்தம் — இதுல எது இருந்தாலும் வண்டி அங்கேயே நிக்கட்டும். ஓடும்போது பின் ஷாஃப்டோட முன்முனை அறுந்தா அது ரோட்டுல குத்தும். பின்முனை அறுந்தா குழாய் சாட்டை மாதிரி சுழன்று பிரேக் பைப்பையோ டீசல் லைனையோ அடிக்கும். அறுந்ததும் ஷாஃப்ட்ல இருக்கிற ஹேண்ட்பிரேக்கும் சேர்ந்து போயிடும். ஏற்காடு மலையில அது நடந்தா எப்படி இருக்கும்னு யோசிங்க.

கடைசியா ஒண்ணு. மெக்கானிக்கிட்ட போய் "அண்ணே, வண்டி நடுங்குது, பாருங்க"ன்னு சொன்னா, அவர் என்ன செய்வார்? தன் அனுபவத்துல அதிகமா பார்த்ததை மாத்துவார். அது அவர் குற்றம் இல்லை, நாம கொடுத்த தகவல் அவ்வளவுதான். அதுக்குப் பதிலா இப்படிச் சொல்லிப் பாருங்க: "அண்ணே, கிராஸ் மாத்தின அன்னைலேர்ந்து இருக்கு. 45-ல ஆரம்பிச்சு 60-ல உச்சம். நியூட்ரல்லயும் போகலை. ஸ்டீயரிங்ல இல்லை, சீட்ல இருக்கு." நல்ல மெக்கானிக்னா கையைத் துடைச்சுக்கிட்டு, "இருங்க தம்பி, அம்பு மார்க் பார்த்துடலாம்"ன்னு நேரா வண்டிக்கு அடியில போவார்.

உங்க வண்டியோட நடுக்கத்தையும் இதே மாதிரி நாலு வரியில எழுதி அனுப்புங்க. வேகம், இடம், கியர், எப்போலேர்ந்து — இந்த நாலும் இருக்கணும். சுவாரசியமானதை எடுத்து ஒரு எபிசோட்ல பேசலாம். அடுத்த வாரம் பார்ப்போம். வண்டிக்கு அடியில போறதுக்கு முன்னாடி சக்கரத்துக்குக் கட்டை வைக்க மறந்துடாதீங்க.